தொட்டில் ஆடும் வீட்டில் பீடிப் புகை வேண்டாம்



ஒரு மழைக்காலத்தில் எஸ்டேட் குழு ஒன்றின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கியாச்சு, தவணை வாங்கியாச்சு, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்தும் போட்டாச்சு. எல்லோரும் கிளம்பும்போது, நாலு மாசக் கைக்குழந்தையோடு வந்திருந்த ஓர் உறுப்பினர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "மேடம், ஒண்ணு கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல" என்றார்.

விஷயம் இதுதான். வீட்டில் மாமனார் பீடி குடிக்கிறார். லைன் வீட்டில் இருப்பதோ ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும். வெளியே மழையும் குளிரும், அதனால் கதவு ஜன்னல் எல்லாம் மூடியே கிடக்கும். குழந்தை ராத்திரி முழுக்க இருமுகிறது. "நான் சொன்னா, நேத்து வந்தவ என்னை வாசலுக்கு அனுப்பறாளான்னு கேப்பாரு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, எங்கப்பா என்னையும் இப்படித்தான் வளர்த்தாரு, எனக்கு என்ன ஆயிருச்சுங்கறாரு."

அன்று நாங்கள் சரியான பதில் சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறோம். "பக்குவமா எடுத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டோம். அடுத்த மாதம் அந்தக் குழந்தைக்கு நிமோனியா வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல யார் புகை பிடிக்கறாங்க?" பீடியால் மட்டுமே வந்தது என்று அவர் சொல்லவில்லை. புகை இருக்கும் வீட்டில் சளி நெஞ்சுக்கு இறங்குவது சுலபம் என்றார். அந்தச் சகோதரிக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

புகை பச்சைக் குழந்தையை என்ன செய்கிறது?

பெரியவர்கள் ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை மூச்சு விடுகிறது. மூச்சுக்குழாய் சின்னது, நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நாம் எழுந்து வெளியே போய்விடலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை எங்கே போகும்?

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் வரவழைப்பவை. மற்றவர் விடும் புகையைச் சுவாசிக்கும் குழந்தைக்கு நெஞ்சுச்சளி, நிமோனியா, காதில் சீழ், வீசிங் போன்றவை வரும் வாய்ப்பு கூடுகிறது. நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது. அதனால்தான் புகை பிடிப்பவர் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது என்கிறார்கள். "கொஞ்சம் புகை பரவாயில்லை" என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

பீடியை அணைத்தபிறகும் அதன் நஞ்சு சட்டை, கம்பளி, தலைமுடி, விரல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தை அந்தத் தோளில்தான் முகத்தை வைக்கிறது, அந்த விரலைத்தான் சப்புகிறது.

பாதிப்பு குழந்தையோடு நிற்பதில்லை. ஜப்பானில் ஹிராயாமா என்ற டாக்டர் புகை பிடிக்காத 91,540 மனைவிமாரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-ல் முடிவை வெளியிட்டார். கணவர் அதிகமாகப் புகை பிடித்த வீடுகளில், பீடி சிகரெட்டைத் தொடாத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் அதிகமாக வந்திருந்தது. நம் நாட்டில் 2016-17-ல் எடுத்த புகையிலை ஆய்வின்படி, பெரியவர்களில் 100-க்கு 38 பேருக்கு மேல் சொந்த வீட்டிலேயே அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

வீட்டில் வரும் கேள்விகள், நம் பதில்கள்

"நாங்க எல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்?"
வளர்ந்தவர்கள்தான் இன்று பேசுகிறோம். அந்தக் காலத்தில் நெஞ்சுச்சளியில் போன பிள்ளைகளைப் பற்றி நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"பீடி தானே, சிகரெட் இல்லையே?"
இலையில் சுற்றியிருப்பதால் அது சாதுவாகிவிடாது. உள்ளே இருப்பது புகையிலைதான், தாரும் நிக்கோட்டினும் அதிலும் உண்டு. பீடிப் புகை சிகரெட் புகைக்குக் குறைந்தது இல்லை.

"ஜன்னல் ஓரமா நின்னுதானே குடிக்கறேன்?"
காற்று உள்ளே வரும்போது புகையும் கூடவே வரும். வாசலைத் தாண்டி, கதவைச் சாத்திவிட்டுப் போனால்தான் பயன்.

"உன் அடுப்புப் புகை மட்டும் நல்லதா?"
இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, தட்டிக் கழிக்க வேண்டாம். விறகுப் புகையும் குழந்தைக்குக் கெடுதல்தான். "நானும் பாப்பாவை அடுப்புகிட்ட கொண்டுபோக மாட்டேன், நீங்களும் வெளியே போயிடுங்க மாமா" என்று நாமும் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் பேச்சு சண்டையாக மாறாது. கேஸ் இருக்கும் வீட்டில் குழந்தைக்காகவாவது கேஸிலேயே சமையுங்கள். வெந்நீர் அடுப்பை வெளியே வையுங்கள்.

எப்படிச் சொல்வது?

1. முன்கூட்டியே சொல்லுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவரை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அழைத்துப்போகப் பெரியவர்கள் வருவார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் அந்த நேரத்திலேயே பேச்சை எடுக்கலாம். பற்றவைத்த பீடியைக் கையில் பார்த்துச் சொன்னால் அது அவமானமாகத் தெரியும்.

2. சரியான ஆளைச் சொல்ல வையுங்கள். மாமனாரிடம் மருமகள் சொல்வதைவிட மகன் சொல்வது நல்லது. மாமியார் சொன்னால் இன்னும் நல்லது. முதலில் கணவரோடு தனியாகப் பேசி இருவரும் ஒரே முடிவுக்கு வாருங்கள். குழந்தை பார்க்க வரும் சித்தப்பா, பெரியப்பா, மச்சானிடம் அந்தந்தப் பக்கத்து ஆளே சொல்லட்டும்.

3. குறை சொல்லாமல், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ஏனுங்க மாமா, பாப்பாவுக்கு நெஞ்சு கட்டுதுங்க. டாக்டர் வீட்டுக்குள்ள புகையே ஆகாதுன்னுட்டாருங்க. வெளியே போயிட்டு வந்து கை, வாய் கழுவி, சட்டை மாத்திட்டுப் பாப்பாவை எடுங்க." இவ்வளவு போதும்.

4. கிராம சுகாதார செவிலியரையோ அங்கன்வாடி பணியாளரையோ வீட்டுக்கு வந்து பெரியவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

5. கேட்கவில்லை என்றால் குழந்தையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அவரை மாற்றுவது நம் கையில் இல்லை. குழந்தையைப் புகையிலிருந்து தள்ளி வைப்பது நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தவறாமல் இதைச் செய்தால் அவருக்குப் புரியும்.

குடித்திருக்கும்போது பேச வேண்டாம். கை நீட்டும் ஆள் என்றால் தனியாகப் பேசவே வேண்டாம். குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

குழந்தை வீடு திரும்பியதும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் ஒரு பால் டப்பாவோ பழமோ இல்லாமல் போகக் கூடாது என்று ஆரஞ்சும் பிஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். யாரும் மாமனாரிடம் எதுவும் சொல்லவில்லை. பேசியது மாமியார்தான். "ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் நான் கண்ணு மூடலங்க. இனிமே எவனும் இந்த வீட்டுக்குள்ள பத்த வைக்கக் கூடாது." பெரியவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து கோழிக்கூட்டுப் பக்கம் போக ஆரம்பித்தார்.

ஒருநாள் மழை கொட்டியபோது மறுபடி உள்ளேயே பற்றவைத்துவிட்டார். மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் குடையோடு வந்து, "வாம்மா, அணைச்சுட்டேன்" என்று கூப்பிட்டாராம். அவர் இன்னும் பீடியை விடவில்லை. ஆனால் வீட்டுக்குள் புகை இல்லை.

சட்டம் எதுவரை?

1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடுத்தது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதே போன்ற உத்தரவு போட்டது. 2003-ல் புகையிலைச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் இன்னும் கடுமையாயின. 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பஸ்ஸில் யாராவது பற்றவைத்தால், கண்டக்டரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் இந்தச் சட்டம் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் சட்டம் போட வேண்டியது நாம்தான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ஆபத்து. விலாவுக்குக் கீழே உள்வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது ஆகியவையும் ஆபத்தான அறிகுறிகள். கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மலை இறங்க நேரமாகும் என்பது நமக்குத் தெரியும்.

குழுக் கூட்டத்துக்கு ஒரு கணக்கு

தினமும் 20 ரூபாய்க்குப் பீடி என்றால் மாதம் 600, வருடம் 7,300 ரூபாய். நம் வருடச் சேமிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

இந்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுவோம்: "எங்கள் குழு உறுப்பினர் வீட்டில் தொட்டில் கட்டியிருக்கும்வரை உள்ளே யாரும் பற்றவைப்பதில்லை. சொல்லத் தயங்கும் சகோதரிக்குத் துணையாக நாங்கள் போவோம்."

தனியாகச் சொன்னால் அது மருமகளின் வாய். குழுவாகச் சொன்னால் ஊரின் பேச்சு.