நிரூபிக்காதே, ஓட்டிப் பார்!

செயலியின் வேகத்தைக் கூட்டக் கூட்டச் சூடு ஏறியது. 2004-இல் இன்டெல் தனது 'டேஜஸ்' சிப் திட்டத்தையே கைவிட்டு, ஒரே சிப்பில் பல கோர்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. ஆனால் கோர்கள் பெருகியதும் பழைய நிரல்கள் தாமாக வேகமெடுத்துவிடவில்லை. அவை ஒரு கோரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வேலையைப் பிரித்துத் தரும் பொறுப்பு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் தலையில் விழுந்தது.

ஆயிரம் முறை சுற்றும் ஒரு லூப். ஐந்தாம் சுற்று எழுதும் இடத்தை ஒன்பதாம் சுற்று படிக்குமானால், வரிசை மாறினால் விடை தப்பு. எந்த இடம் என்பதை ஓர் அரேயில் (எண்களின் பட்டியலில்) உள்ள எண் தீர்மானித்தால், அந்த எண் நிரல் ஓடும்போதுதான் தெரியும். கம்பைலரோ அதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். சந்தேகம் இருந்தால் வரிசையாகவே ஓட்டும். மோதலே வராத லூப்களும் இப்படி வீணாகக் காத்துக் கிடந்தன.

இதற்கு ஒரு வழியாக, பல கோர் சிப்கள் பரவும் முன்பே, 1995-இல் லாரன்ஸ் ரௌக்வெர்கரும் டேவிட் படுவாவும் 'எல்ஆர்பிடி' சோதனையை முன்வைத்தனர். லூப் எழுதும் அரேயின் நகலை முதலில் எடுத்து வைத்துவிட்டு, சுற்றுகளை ஒருசேர ஓடவிட வேண்டும். யார் எங்கே படித்தார், எழுதினார் என்பதை 'நிழல் அரே'க்கள் குறித்துக்கொள்ளும். முடிந்தபின் குறிகளில் மோதல் இல்லையென்றால் விடை செல்லும். இருந்தால் நகலை மீட்டு, வரிசையாக மறுபடி ஓட்ட வேண்டும். மோதல் வராது என்ற ஊகத்தில் முதலில் ஓட்டிப் பார்ப்பதே இதன் சாரம்.

அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குரிந்தர் சோஹி குழு 'மல்டிஸ்கேலர்' வடிவமைப்பை வெளியிட்டது. பின்னர் ஸ்டான்ஃபோர்டின் 'ஹைட்ரா', கார்னகி மெலனின் 'ஸ்டாம்பீட்' வந்தன. இவற்றில் மோதலைக் கண்காணிப்பது வன்பொருளின் வேலை. லூப் முடியும்வரை பொறுத்திருக்காமல், தவறான மதிப்பைப் படித்த பகுதியை (இழையை) மட்டும் அப்போதே நிறுத்தி மீண்டும் ஓட்டலாம்.

ஆனாலும் கம்பைலருக்கு ஓய்வு கிடைக்கவில்லை; தவிர்க்கக்கூடிய மோதல்களை அது முன்பே நீக்க வேண்டும். லூப் எண்ணியைச் சுற்று எண்ணிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்; கூட்டுத்தொகையை ஒவ்வொரு இழையும் தனியே வைத்து, கடைசியில் சேர்க்கலாம். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் விடையைக் கேட்கும் இடத்தில் ஊகம் பலிக்காது. அங்கே அந்தக் கணக்கை முன்கூட்டியே முடித்து, அடுத்த இழைக்கு அனுப்ப வேண்டும். மிகச் சிறிய லூப் என்றால், இழையைத் தொடங்கும் செலவே லாபத்தை விழுங்கிவிடும். எனவே மாதிரித் தரவுடன் ஓட்டிப் பார்த்து, தகுதியான லூப்களை மட்டும் பொறுக்க வேண்டும்.

ஐபிஎம்மின் புளூ ஜீன்/கியூ கணினி இப்படி ஊகித்து ஓட்டும் வசதியை வன்பொருளிலேயே தந்தது. அவ்வகைக் கணினியான 'செக்கோயா' 2012 ஜூனில் உலகின் அதிவேகக் கணினிகள் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

'இது பாதுகாப்பானதா?' என்று கேட்டு வந்த கம்பைலர், ஊக முறையில் 'இது கட்டுப்படியாகுமா?' என்று கேட்கிறது. ஆயிரத்தில் ஒருமுறை மோதினால் ஊகம் லாபம். அடிக்கடி மோதினால் நேரமும் மின்சாரமும் நஷ்டம்.