யூதேயாவில் நெல்வயலா?



தேம்பாவணி படித்த ஒரு மாணவர் கேட்டார்: "ஃபாதர், யூதேயா வறண்ட நாடுதானே? இங்கே நெல்லும் தாமரையுமாக இருக்கிறதே! முனிவர் தவறாக எழுதிவிட்டாரா?"

நல்ல கேள்வி. தமிழ்க் காப்பியம் நாட்டு வளத்தைப் பாடித் தொடங்குவது மரபு. கம்பர் கோசலத்தை அப்படித்தான் பாடினார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரும் (1680–1747) அவ்வழியிலேயே நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்குகிறார். ஆகவே கம்பராமாயணம் நமக்கு வேண்டாம் என்று ஒதுக்குபவருக்குத் தேம்பாவணியும் பாதிதான் புரியும். புனித சூசையப்பருக்கு அவர் இட்ட பெயரைப் பாருங்கள்: வளன். யோசேப்பு என்ற எபிரேயப் பெயர் 'அவர் மேலும் தருவாராக' எனப் பொருள்படும். இந்தப் பின்னணி தெரியாதவருக்கு வளன் யாரோ ஒருவர்!

நம் விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய ஆலயத்தின் அன்னை, பெரியநாயகி. விருத்தாசலம் சிவன் கோயில் அம்மனின் பெயரும் அதுவே.

முன்பு இவற்றை அறிய நூலகம் நூலகமாக அலைந்தோம். இன்று 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் மூலநூல்களை இலவசமாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் உரைகளும் அகராதிகளும் உள்ளன. எழுதியவர் பெயரில்லாத குறிப்புகளை மட்டும் அப்படியே தேர்வில் எழுதிவிடாதீர்கள். அவற்றில் பிழை மலிவு.

அந்த மாணவர் இப்போது உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் இருக்கிறார். "அரேபியாவிலும் வயல்தான், ஃபாதர்!" என்று சிரிக்கிறார்.