பந்தல்குடியா, பெங்களூரா?

மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் அருப்புக்கோட்டையைத் தாண்டினால் பந்தல்குடி. கரிசல் காடும் சீமைக்கருவேலமும் சுண்ணாம்புக்கல் சுரங்கமுமாக விரியும் மானாவாரிச் சீமை. இந்த ஊரில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒருவர் கைபேசியில் ஒரு வலைத்தளத்தைத் திறக்கிறார். அவர் எந்த ஊரில் நிற்கிறார் என்று அந்தத் தளம் நினைக்கும்? சென்னை என்று நினைக்கலாம், பெங்களூரு என்றும் நினைக்கலாம். பந்தல்குடி என்று நினைப்பது அபூர்வம்.

காரணம் எளிது. லொகேஷன் அனுமதி கேட்காத வரை வலைத்தளத்துக்குத் தெரிவது ஐபி முகவரி மட்டுமே. செல்போன் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. உள்ளூர் டவரில் ஏறும் சிக்னல், ஏதோ ஒரு பெருநகரத்தில் உள்ள வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் நுழைகிறது. தளத்தின் கண்ணில் படுவது அந்த வாசல்தான்.

விளம்பரம் போடுபவருக்கு இந்தப் பிசகு பெரிதல்ல. சட்டம் போடுபவருக்குப் பெரிது. “இந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடாதே” என்று ஓர் அரசு உத்தரவிட்டால், அது அந்த அரசின் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே செல்லும். ஆகவே வயதைக் கேட்பதற்கு முன்னால் இடத்தைக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

ரம்மி கற்றுக்கொடுத்த பாடம்

தமிழ்நாட்டுக்கு இது புதிய சிக்கல் அல்ல. பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் ஆன்லைன் ரம்மியை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகக் கையாண்டது. தெலங்கானாவும் ஆந்திராவும் தடுத்தன. வேறு சில மாநிலங்கள் விட்டுவிட்டன. விளையாட்டு நிறுவனங்கள் அதற்குத் தக்கபடி, பணம் கட்டும் முன் ‘லொகேஷனை ஆன் செய்யுங்கள்’ என்று கேட்டன. தடை உள்ள மாநிலம் என்று தெரிந்தால் ஆட்டம் திறக்காது. உடனே போலி லொகேஷன் காட்டும் செயலிகள் பரவின. அவற்றைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் அடுத்து வந்தன.

தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-இல் புதிய சட்டம் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று வகைப்படுத்தியதை ஏற்கவில்லை.

அடுத்து 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகள் வந்தன. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பணம் கட்டி ஆடக் கூடாது. கணக்கு தொடங்க ஆதார் கட்டாயம். நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆட்டம் இல்லை. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஜூன் 3 அன்று நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு விதிகள் செல்லும் என்றது.

இந்த நள்ளிரவுத் தடை, ஆள் தமிழ்நாட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் பலிக்கும். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் வைத்து ஆடும் ஆட்டம் நாடு முழுக்கவே தடை. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. ‘நீ எந்த மாநிலம்?’ என்ற கேள்விக்கும் அங்கே வேலையில்லாமல் போனது. சட்டம் ஒன்றாக இருந்தால், ஆளின் இருப்பிடத்தைத் துல்லியமாகத் தோண்டத் தேவையில்லை.

மிசிசிப்பிக்கு வெளியேயும் பூட்டு

சட்டம் துண்டு துண்டாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. மிசிசிப்பி மாநிலம் சமூக ஊடகப் பயனர்களின் வயதைச் சரிபார்க்கச் சொன்னது. புளூஸ்கை என்ற சிறு நிறுவனம், தன்னால் அது முடியாது என்று 2025 ஆகஸ்டில் அந்த மாநிலத்தையே பூட்டியது. மிசிசிப்பியில் இல்லாத சிலரும் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களுடைய செல்போன் சிக்னல் மிசிசிப்பியில் உள்ள வாசல் வழியாகப் போனதுதான் குற்றம்.

பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்களுக்கு வயதுச் சோதனை கட்டாயமானது. அதே வாரத்தில், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் செயலிகளுக்கு அங்கே கூட்டம் அலைமோதியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. மீறும் நிறுவனங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். விபிஎன் போட்டு வெளிநாட்டில் இருப்பதாகக் காட்டும் சிறுவர்களைக் கண்டுபிடிப்பதும் நிறுவனங்களின் பாடு.

இந்தியாவில் விபிஎன் நிறுவனங்கள் பயனர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவு வந்தது. நோர்ட், எக்ஸ்பிரஸ் போன்றவை தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. செயலிகள் மட்டும் தொடர்ந்து ஓடுகின்றன.

ஓடிபி யார் கையில்?

பந்தல்குடி வழக்குகள் போய்ச் சேரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் சிறுவர்களுக்கான வயது வரம்பு பற்றிய பேச்சு எழுந்தது. 2025 டிசம்பரில் நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வு, ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கனவே கையில் இருக்கிறது. அதன்படி 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம்.

நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரியும். சிம் அப்பா பெயரில். அப்பா வேலைக்குப் போன ஊரில். போன் அம்மாவிடம். கேஸ் பதிவு செய்வது, பேங்க் மெசேஜ் படிப்பது, ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்புவது எல்லாம் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளை. “யம்மா, ஓடிபி வந்திருச்சு, நான் போட்டுக்கிறேன்” என்று சொல்லும் பிள்ளைதான் நாளை தனக்கான பெற்றோர் ஒப்புதலையும் போட்டுக்கொள்ளப் போகிறது. லொகேஷன் சரியாக இருக்கும், ஆதார் சரியாக இருக்கும், வயதும் நாற்பது என்று காட்டும். ஆட்காட்டி விரல் மட்டும் பதிமூன்று வயதுடையது.

ஆக, இருப்பிடத்தை எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. அந்த நுணுக்கத்துக்கான விலையை மட்டும் எல்லாரும் கொடுக்கிறோம். சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: ஆள் எல்லைக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? அதற்காக ஒரு செயலி ஜிபிஎஸ்ஸைத் திறக்கச் சொன்னால், வீடு இருக்கும் தெரு வரை அதற்குத் தெரிந்துவிடும். பிள்ளையைக் காக்க வந்த சட்டம், அந்தப் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்ற விவரத்தை முன்பின் தெரியாத நிறுவனத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா?

செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, வயது வரம்பு நாடு முழுக்க ஒன்றாக இருக்கட்டும். இந்தியாவா இல்லையா என்று மட்டும் பார்க்கப் பெரும்பாலும் ஐபி முகவரியே போதும். விபிஎன் போட்டுத் தப்புகிற சிலருக்காக எல்லாருடைய ஜிபிஎஸ்ஸையும் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் கேட்பதையும் சேமிப்பதையும் சட்டமே தடுக்கட்டும். இரண்டாவது, இணையச் சேவை தரும் நிறுவனங்களே பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் என்று மதுரைக் கிளை சுட்டிக்காட்டியதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவரட்டும். போன் எந்த டவரில் இருக்கிறது, சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது செல்போன் நிறுவனத்துக்கு இன்றே தெரியும். புதிதாக யாரும் எதையும் ஒப்படைக்க வேண்டாம். தளங்களை அடைக்கும் அதிகாரம் அந்த நிறுவனங்களின் கையில் போவதில் ஆபத்து உண்டு. அதனால் அதைப் போடுவதும் எடுப்பதும் சந்தாதாரரின் விருப்பமாகவே இருக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையில் சிம் வாங்கும்போது விரல்ரேகை வைக்கச் சொல்கிறார்கள், முகத்தைப் படம் எடுக்கிறார்கள். “இந்த போனைப் பிள்ளைகளும் தொடுவாங்களாம்மா?” என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டு, ‘ஆமாம்’ என்றால் அங்கேயே கட்டுப்பாட்டைப் போட்டு, அதன் ரகசிய எண்ணை அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அந்த எண் மட்டும் ஓடிபியாக வரக் கூடாது.