தேற்றுகிறவர்களைத் தேற்றுவது யார்?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே,

மனநோயாளிகளுக்காக நீங்கள் தவறாமல் ஜெபிக்கிறீர்கள், காணிக்கைகளும் அனுப்புகிறீர்கள். அவர்களைக் கவனிக்கும் நர்ஸுகள், ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோரின் மனநிலையைக் குறித்து இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

காரைக்கால் கற்றுத்தந்த பாடம்

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை. பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு முதலான மீனவக் கிராமங்களைச் சுனாமி தாக்கியது. காரைக்கால் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 500 பேர் மாண்டனர்.

இத்தனை பேரின் துக்கத்தை ஆற்ற மனநல மருத்துவர்கள் போதாது. ஆகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், 1999 ஒரிசா புயலிலும் 2001 குஜராத் பூகம்பத்திலும் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, சுனாமி பாதித்த கடலோரத்தில் சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவித்தது. வீடு வீடாகச் சென்று, பாதிக்கப்பட்டவர்களை மனம்விட்டுப் பேசவைத்து, பொறுமையாய்க் கேட்பதே அவர்களுடைய முக்கிய வேலை.

இவ்வேலையில் மறைவான ஒரு பாரம் உண்டு. காயத்திற்குக் கட்டுப்போட்டவர் கையைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பலாம். பிள்ளையை அலை இழுத்துச் சென்றதை ஒரே நாளில் மூன்று தாய்மாரிடம் கேட்டவர் எதைக் கழுவிக்கொள்வார்? அவரும் அதே கடற்கரையைச் சேர்ந்தவரானால், அவர் வீட்டிலும் துக்கம் காத்திருக்கும். சுனாமி வருத்தம் ஒருமுறை வந்தது. மனநலப் பிரிவில் பணி செய்கிறவர்களுக்கோ இப்படிப்பட்ட பாரம் அன்றாடம் உண்டு.

பணிச்சோர்வு என்பது என்ன?

1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர், நியூயார்க் நகரில் ஓர் இலவச மருத்துவமனையில் தாம் கண்டதை எழுதினார். மிகுந்த அர்ப்பணிப்போடு உழைப்பவர்களே எளிதில் சோர்ந்துபோவதை அவர் எடுத்துக்காட்டினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது: பெலன் முற்றும் வற்றிப்போதல், வேலையின்மேல் வெறுப்பு அல்லது விலகிய மனம், தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். இது தனி நோயல்ல. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் மனஅழுத்தத்தின் விளைவு என்றும் அது விளக்கியது.

ஆகவே இது விசுவாசக் குறைவு அல்ல. எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். கர்மேலில் வெற்றி கண்டவர், மறுபடியும் வனாந்தரத்தில் சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பிப் படுத்துக்கொண்டார். தேவன் அவரைக் கடிந்துகொண்டு தொடங்கவில்லை. நித்திரை தந்தார்; தூதன்மூலம் இருமுறை ஆகாரம் தந்தார்; பின்பு எலிசாவைத் துணையாகத் தந்தார். இளைப்பாறுதலும் துணையும் இன்றும் தேவையான மருந்துகளே.

தடுப்பது எப்படி?

பணியாளரைப் பார்த்து, "உன்னைக் கவனித்துக்கொள்" என்று சொல்வது மட்டும் போதாது. வேலையின் அமைப்பே மாறவேண்டும்.

1. ஒருவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு வேண்டும்.
2. வாரத்தில் ஒரு மணி நேரமாவது அனுபவமுள்ள மூத்தவரோடு அமர்ந்து, கடினமான காரியங்களைப் பேசவேண்டும். நோயாளியின் இரகசியமும் அங்கே காக்கப்பட வேண்டும்.
3. நோயாளி தற்கொலை செய்துகொண்டாலோ பணியாளரைத் தாக்கினாலோ, அப்பணியாளரைத் தனியே விடலாகாது. குற்றம் தேடுவதற்குமுன் அவர் பேசக் கேட்கவேண்டும்.
4. விடுப்பு உண்மையான விடுப்பாய் இருக்கவேண்டும். அதற்கு மாற்று ஆள் தேவை.
5. தூக்கமின்மை, எரிச்சல், நோயாளியைப் பார்க்கவே மனமில்லாமை ஆகியவை நீடித்தால், வெட்கப்படாமல் சிகிச்சை பெற வழிசெய்யவேண்டும். 14416 என்ற டெலிமனஸ் இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

உங்கள் பங்கு

கட்டிலுக்கும் மருந்துக்கும் கொடுப்பவர்கள் பலர். ஒரு நர்ஸ் ஒரு வாரம் தன் பிள்ளைகளோடு இருக்க, மாற்று நர்ஸின் சம்பளத்திற்குக் கொடுப்பவர்கள் குறைவு. அதுவும் நோயாளிக்கே செய்யும் உதவி. சோர்ந்தவர் விலகிப்போனால், அவரை நம்பிப் பேசத் தொடங்கிய நோயாளி மறுபடியும் மௌனமாகிவிடுகிறார்.

ஜெபக் குறிப்புகள்

• மனநலப் பணியாளர்களின் நல்ல நித்திரைக்காகவும் குடும்பச் சமாதானத்திற்காகவும்.
• சோர்வை மறைத்துக்கொண்டு உழைப்பவர்கள் மனந்திறந்து பேசுவதற்காக.
• சுனாமியில் தங்களுக்கு அருமையானவர்களை இழந்த காரைக்கால் குடும்பங்களுக்காக.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.