அறுந்த திசையைத் தானே சொல்லும் டிரங்க் லைன்

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் வத்தலக்குண்டு–கொடைக்கானல் மலைச்சாலையில் மண் சரியும், மரம் சாயும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் இந்த மலையையும் விட்டுவைக்கவில்லை. சாலையோரம் போகும் தொலைபேசிக் கேபிளுக்கும் அதே கதிதான். எங்கே அறுந்தது என்று தெரியாமல் மழையில் மலை நெடுகத் தேடுவது பெரும்பாடு. அந்தப் பாட்டைக் குறைக்கும் ஏற்பாடு டிஜிட்டல் டிரங்க் லைனுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைப்பது டிரங்க் லைன். இந்தியாவில் இதற்கான அடிப்படை அலகு இ-1. அதில் விநாடிக்கு 20,48,000 பிட்டுகள் ஓடும். அவற்றை 32 பங்காகப் பிரித்து, 30 பங்குகளில் 30 பேரின் பேச்சை அனுப்புகிறார்கள். பூஜ்யமாவது பங்கில் பேச்சே போகாது. அது லைனின் ஒழுங்கையும் நலத்தையும் கவனிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டது.

பிட்டுகள் 256 கொண்ட ஃபிரேம்களாக விநாடிக்கு 8,000 வருகின்றன. ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமின் பூஜ்யப் பங்கில் 0011011 என்ற குறி இருக்கும். எந்த பிட் யாருடைய பேச்சு என்று வாங்கும் முனை பிரித்தறிவது இந்தக் குறியை வைத்துத்தான். தொடர்ந்து 3 முறை குறி பிழையாக வந்தால் ஃபிரேம் தவறியதாக அது முடிவுசெய்துவிடும். இதற்கு ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. இது தவிர, சி.ஆர்.சி-4 என்ற சரிபார்ப்பு விநாடிக்கு 1,000 முறை நடக்கிறது. ஈரம் புகுந்த ஜாயின்ட்டோ தளர்ந்த கனெக்டரோ லைனை முழுதாக முடக்கும் முன்பே பிழை எண்ணிக்கை ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு லைன் போவதாக வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவில் கேபிள் அறுகிறது. வத்தலக்குண்டுக் கருவிக்கு சிக்னல் வரவில்லை. அதுவும் பேசாமல் இருந்துவிட்டால், பழுது மலைப்பாதையில்தான் என்று கொடைக்கானலில் இருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். அதனால் அது இடைவிடாமல் 1, 1, 1 என்று மேலே அனுப்பத் தொடங்குகிறது. இதற்கு ஏ.ஐ.எஸ். என்று பெயர். 'நான் நலம், எனக்குக் கீழேதான் பழுது' என்பதே அதன் பொருள். மலைச்சாலையிலுள்ள பெருமாள்மலைக் கடைக்காரர், 'இங்கிருந்து மேலே வழி இருக்கிறது, கீழேதான் மண் சரிந்திருக்கிறது' என்று சொல்வதைப் போன்றது இது.

ஏன் 0 இல்லை, 1? செம்புக் கம்பியில் 0 என்றால், தனிக் குறியீட்டு ஏற்பாடு இல்லாதவரை, துடிப்பே கிடையாது. அது அறுந்த லைனின் மௌனம் போலவே இருக்கும். வழியில் சிக்னலைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர்களும் காலக்கணக்கைத் தவறவிடும். 1 என்றால் ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. போக ஒரு வழி, வர ஒரு வழி என்று லைனில் இரண்டு பாதைகள். ஒன்று மட்டும் அறுந்தால், அனுப்பும் முனைக்குத் தன் சிக்னல் போய்ச் சேராதது தெரியாது. அதனால் சிக்னலை இழந்த கொடைக்கானல் முனை, தான் திருப்பி அனுப்பும் பூஜ்யப் பங்கில் ஒரு பிட்டை 1 ஆக்குகிறது. 'உன் சிக்னல் எனக்கு வரவில்லை' என்று எதிர்முனைக்குச் சொல்லும் ரிமோட் அலாரம் இது. உடனே எக்ஸ்சேஞ்ச் அந்த 30 சர்க்யூட்டுகளுக்கும் புது அழைப்பு தராமல் நிறுத்தி, வேறு வழி இருந்தால் அங்கே திருப்பிவிடும்.

வேறு வழி இருந்தால்! கேபிளை வளையமாகப் போட்டால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகப் பேச்சு தொடரும். ஆனால் கொடைக்கானலுக்கு ஏறும் வத்தலக்குண்டு, பழனி சாலைகள் இரண்டும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து ஊர்வரை இரண்டு கேபிளும் ஒரே சாலையில் போனால், ஒரே சரிவில் இரண்டும் போய்விடும். அந்தக் கடைசித் துண்டுக்காவது மைக்ரோவேவ் கோபுரம் வழியாகத் தனிப்பாதை வேண்டும். மலையூர்களுக்குக் கேபிள் திட்டம் போடுவோர் இதை முதலில் கவனிக்க வேண்டும்.