மகப்பேறு விடுப்பு: எப்போது எடுப்பது, எப்படித் திரும்புவது

மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம் என்பதைச் சட்டம் வரையறுத்துவிடுகிறது. அந்த வாரங்களை எப்போது எடுப்பது, முடிந்தபின் எந்த வகையில் வேலைக்குத் திரும்புவது என்பவற்றில் பெண்ணுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. ஒருவர் வேலையில் நீடிப்பாரா, விட்டுவிடுவாரா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இந்தியாவில் 12 வாரச் சம்பள விடுப்பை உறுதி செய்தது. 2017-இல் வந்த திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது வேலை பார்த்திருந்தால் இந்த உரிமை கிடைக்கும்.

26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறவர் முன்னதாகவே எடுப்பார். உடம்பு ஒத்துழைப்பவர் கடைசி வாரம்வரை வேலை பார்த்து, மிச்சத்தைக் குழந்தைக்காகச் சேர்த்துவைப்பார். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். முன்கூட்டியே 8 வாரம் எடுத்தவருக்குக் குழந்தையோடு இருக்க 18 வாரமே மிஞ்சும். நான்கு மாதம் கடந்ததும் வேலைக்குப் போயாக வேண்டும். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால், சான்று காட்டி மேலும் ஒரு மாதம் பெறலாம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. அந்த நாட்களில் பெண்ணை வேலைக்கு வைப்பதையே சட்டம் தடுக்கிறது.

திரும்பி வரும் காலம்தான் கடினமானது. விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்தே வேலை பார்க்க 2017 திருத்தம் வழி செய்தது. ஆனால் வேலையின் தன்மை இடம் தர வேண்டும், நிறுவனமும் ஒப்புக்கொள்ள வேண்டும். மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர் கேட்டுப் பார்க்கலாம். நூற்பாலைத் தொழிலாளிக்கும் செவிலியருக்கும் இது பயன்படாது. அவர்களுக்குக் கைகொடுப்பது குழந்தைகள் காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்பதும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்வரலாம் என்பதும் சட்டத்திலேயே உள்ளன. காப்பகம் இல்லாத இடத்தில், 26 வாரம் முடிந்த மறுநாளே குழந்தையை யாரிடம் விடுவது என்ற கவலை தொடங்கிவிடுகிறது.

அரசு ஊழியர்களின் நிலை மேலானது. தமிழக அரசுப் பணியில் 2021 ஜூலை முதல் விடுப்பு 12 மாதம். மத்திய அரசு ஊழியர்களுக்குப் பேறுகால விடுப்போடு, குழந்தைக்கு 18 வயதாகும்வரை பிரித்துப் பிரித்து எடுக்கக்கூடிய 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் வரும் வாரத்திலும் தேர்வு நாட்களிலும் உதவுவதால், நெகிழ்வு என்று முழுமனதோடு சொல்லத்தக்கது இதுதான்.

விடுப்புக் காலச் சம்பளம் யார் பொறுப்பு என்பதும் முக்கியம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள தனியார் நிறுவனங்களில் முழுச் செலவும் முதலாளியுடையது. புதிதாக மணமான பெண்ணை வேலைக்கு எடுக்கச் சிறு நிறுவனங்கள் தயங்குவதற்கு இது இடம் தருகிறது. இ.எஸ்.ஐ.யில் ஆண், பெண் எல்லோருக்காகவும் செலுத்தப்படும் சந்தாவிலிருந்து பணம் வருவதால் சுமை ஒரே இடத்தில் விழுவதில்லை. நியாயமான வழியும் அதுவே.

தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் வயலிலும் கட்டட வேலையிலும் நாளொரு முதலாளியிடம் உழைப்பவர் யாரிடம் விடுப்புக் கேட்பார்? தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியைத் தவணைகளாக வழங்குகிறது. இழந்த கூலியை அது ஓரளவு ஈடுகட்டும்; விட்டுவந்த வேலை திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியை அதனால் தர முடியாது.