விளையாட்டில் பிறந்த கூட்டுப்பாட்டு



2005இல் வெளிவந்த 'சிவிலைசேஷன் 4' என்ற கணனி விளையாட்டைத் திறந்ததும் ஒரு கூட்டுப்பாட்டு ஒலிக்கும். அதுதான் 'பாபா யேட்டு'. சுவாஹிலி மொழியில் 'எங்கள் தந்தையே' என்று பொருள். இயேசுநாதர் கற்பித்த செபமே பாட்டின் வரிகள்.

இசையமைத்தவர் கலிபோர்னியாவில் பிறந்த கிறிஸ்டோபர் டின். முதலில் பாடியவர்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் டாலிஸ்மன் குழுவினர். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். எங்கள் கூத்தில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் பாடுவது போல. 2011இல் இது கிராமி விருது பெற்றது. விளையாட்டுக்கென எழுதிய இசைக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

சுவாஹிலி தெரியாத பிள்ளைகளும் இதைக் கேட்டுக் கேட்டே பாடப் பழகுகிறார்கள். அப்படியிருக்க, தமிழ் அவர்களுக்குக் கடினம் என்று நாங்கள் ஏன் கைவிட வேண்டும்? முதலில் பாட்டைக் கொடுப்போம். பொருளை அவர்களே கேட்பார்கள்.